பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை: அப்பாவுடன் வெளிச்சவீடு பார்க்கப் போனது

பருத்தித்துறைக்காரி

இலங்கையில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் "பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை" என்ற சொற்றொடர் மறக்காது. வடமுனை முதல் தென்முனை வரை முழுத்தீவும் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் இதைத்தான் சொல்வோம். புவியியல் பாடத்தில் நீளம் கேட்டால் இது, மேடையில் அரசியல்வாதி பேசினால் இது, வானொலியில் மழைச் செய்தி வந்தால் இது. நாங்கள் அந்தச் சொற்றொடரின் முதல் பாதியில் பிறந்தவர்கள். மற்றப் பாதியை அப்பா எழுபத்தாறு வயதுவரை பார்த்ததே இல்லை.

எங்கள் ஊர் வெளிச்சவீடு 1916இல் கட்டியது, 32 மீட்டர் உயரம். அப்பா சின்ன வயதில் அதன் நிழலில் விளையாடியவர். பிறகு போர் வந்தது. பல வருடங்கள் அந்தப் பக்கமே நெருங்க முடியவில்லை. நான் வளர்ந்த காலத்தில் வெளிச்சவீடு என்றால் தூரத்தில் மரங்களுக்கு மேலே தெரிகிற வெள்ளைத் தலை, அவ்வளவுதான். போன மாதம் அப்பா கொழும்பில் என்னிடம் வந்து நின்றபோது, "மற்ற முனையில் நிற்கிறதையாவது கிட்டப் போய்ப் பார்த்திட்டு வருவம்" என்றார். உடனே கிளம்பிவிட்டோம்.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலைப் புகையிரதம். களுத்துறை தாண்டியதும் தண்டவாளம் கடலுக்குப் பக்கத்திலேயே ஓடும். ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரலிய வருகிறது. 2004 சுனாமியில் ஒரு ரயில் முழுவதையும் அலை அள்ளிய இடம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதுவரை பேசிக்கொண்டு வந்த அப்பா அங்கே பேச்சை நிறுத்தி, யன்னல் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். எங்கள் பகுதியான வடமராட்சியிலும் அதே காலை எத்தனை பேரைக் கடல் கொண்டுபோனது என்பது அவருக்குத் தெரியும்.

மாத்தறையில் இறங்கி, பஸ்ஸில் தேவிநுவர. சிங்களத்தில் ஊர்ப்பெயர் அதுதான், தெய்வங்களின் நகரம். சந்தியிலிருந்து ஓட்டோ பிடித்தோம். ஒடுங்கிய தெரு, இருபுறமும் வீடுகள், வேலியில் காயும் உடுப்புகள். கடைசி வளைவில் தென்னைகளுக்கு நடுவே திடீரென்று முழுக் கோபுரமும் முன்னால் நிற்கிறது. எட்டுப் பட்டை, வெள்ளை நிறம், 49 மீட்டர். இலங்கையில் இதைவிட உயரமான வெளிச்சவீடு இல்லை. 1890இலிருந்து அதே இடத்தில் நிற்கிறது.

அதைத் தாண்டினால் கறுத்த பாறைகள். பாறைக் குழிகளில் அலை விட்டுப்போன தண்ணீர், அதற்குள் விரலளவு மீன்கள். அதற்கப்பால் கடல் மட்டும். அப்பா கையை நேர் தெற்கே நீட்டி, "இந்தப் பக்கம் என்ன நாடு?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து வரைபடத்தில் பார்த்தேன். ஏறக்குறைய 650 கிலோமீட்டரில் நிலநடுக்கோடு. அதற்குப் பிறகும் நேராகப் போனால் அந்தாட்டிக்காவின் பனிவரை ஒரு தீவுகூடக் குறுக்கே வராது.

மேலே ஏற விடவில்லை. வாசலில் நின்றவர் நல்ல மனிதர், ஆனால் அனுமதி இல்லாமல் ஏற்ற முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்பா அவரோடு சிங்களத்தில் கொஞ்ச நேரம் கதைத்தார், பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நான் எடுத்த எல்லாப் படங்களிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, மேலே ஏற யாரிடம் அனுமதி கேட்பது? மற்றது, திரும்பி வரும்போது அப்பா "இங்க எங்கட பெரிய கோயில் ஒண்டு இருந்தது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். புகையிரதத்துக்கு நேரமாகிவிட்டதால் ஊருக்குள் எதையும் பார்க்கவில்லை. அதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மாத்தறை வாசி

தங்கச்சி, ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனது நல்ல விஷயம். அந்த வெளிச்சவீடு துறைமுக அதிகார சபையின் பொறுப்பில் இருக்கிறது. சில நாட்களில் ஏற விட்டதாகச் சொல்வார்கள், சில நாட்களில் முடியாது என்பார்கள். வாசலில் கேட்டுப் பார்ப்பதை நம்பிப் போகாதீர்கள். கொழும்பில் அதிகார சபைக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இன்னொன்று, எழுபத்தாறு வயதில் அந்தப் படிகள் லேசான வேலை இல்லை. சுற்றிச் சுற்றிப் போகும், நடுவில் காற்றும் குறைவு. ஐயாவின் முழங்காலைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

போக நினைக்கும் மற்றவர்களுக்கு: மாத்தறையிலிருந்து தங்காலை, அம்பாந்தோட்டை, கதிர்காமம் போகிற எந்த பஸ்ஸும் தேவிநுவர வழியாகத்தான் போகும். ஆறு கிலோமீட்டர்தான். டிசம்பர் தொடங்கி ஏப்ரல் வரை கடல் அமைதி. மே பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று, அந்த நாட்களில் பாறையில் இறங்கவே கூடாது. ஆடி மாதத்தில் ஊரிலுள்ள விஷ்ணு தேவாலயத்தின் பெரஹெரா ஊர்வலம் நடக்கும், ஊர் கொள்ளாத சனம். அதைப் பார்க்கவே வருகிறவர்களும் உண்டு, ஆனால் வயதானவர்களோடு அப்போது வேண்டாம்.

முக்கியமாக, பகலில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மாத்தறையில் ஒரு இரவு தங்கி, பின்னேரம் ஐந்தரைக்கு அங்கே போய் இருட்டும்வரை இருங்கள். விளக்கு எரியாத வெளிச்சவீட்டைப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாக ஆகும்.

நெய்தல்

நான் சென்னை. 'வெளிச்சவீடு' என்ற சொல்லை இன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறேன். நாங்கள் பேசும்போது லைட் ஹவுஸ் என்போம், எழுதினால் கலங்கரை விளக்கம் என்போம். உங்கள் சொல் எவ்வளவு நேராக இருக்கிறது!

பருத்தித்துறைக்காரி

யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் அது வெளிச்சவீடுதான். கலங்கரை விளக்கம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் மட்டும் வரும். நான் சின்னவளாக இருந்தபோது 'கலங்கரை' என்றால் கலங்கிய கரை என்று நினைத்திருக்கிறேன்.

கல்லெழுத்து

அது கலம் கரை விளக்கம். கலம் என்றால் கப்பல், கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமே, அதே கரைதல். கப்பலைக் கூப்பிடும் விளக்கு. பெரும்பாணாற்றுப்படையில், ஏணி சாத்தி ஏற வேண்டிய உயர்ந்த மாடத்தில் இரவில் தீ மூட்டி, கடலில் ஓடும் கலங்களைக் கரைந்து அழைக்கும் துறையைப் பற்றி வருகிறது. சொல்லின் வேர் அங்கே இருக்கிறது. வெளிச்சவீடு பார்க்கிறவனின் சொல், கலங்கரை கப்பலில் வருகிறவனின் சொல். எனக்கு இரண்டும் வேண்டும்.

தேவிநுவரக் கோயிலைப் பற்றி இரவு விரிவாக எழுதுகிறேன்.

கப்பற்காரன்

தூத்துக்குடிக்காரன். முப்பத்தோரு வருடம் சரக்குக் கப்பலில் இருந்தேன், கடைசிப் பத்து வருடம் சீஃப் ஆபீசர். தேவேந்திரமுனையை நான் ஒரு தடவைகூடக் கரையிலிருந்து பார்த்ததில்லை. கடலிலிருந்து எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எங்களுக்கு அது டோண்ட்ரா ஹெட்.

நிலத்தில் இருப்பவர்களுக்கு அந்த முனையின் முக்கியத்துவம் எளிதில் புரியாது. பாக் நீரிணையில் ராமர் பாலத்துப் பக்கம் ஆழம் கிடையாது, பெரிய கப்பல் போகாது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சரக்கு கொண்டுவரக்கூட இலங்கையைச் சுற்றித்தான் வர வேண்டும். அதே மாதிரி சூயஸிலிருந்து சிங்கப்பூர் போகிற கப்பல், அங்கிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்புகிற கப்பல், வளைகுடா எண்ணெயை ஜப்பானுக்குக் கொண்டுபோகிற டேங்கர் எல்லாம் இந்த முனைக்குத் தெற்கே வந்து திரும்பும். உலகத்திலேயே நெரிசலான கடல் பாதைகளில் இது ஒன்று. அதனால்தான் அங்கே தார்ச்சாலை போலப் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது விளக்கு. ஐந்து வினாடிக்கு ஒரு வெள்ளை மின்னல். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித் தாளம் உண்டு, வரைபடத்தில் அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். இருட்டில் ஒரு வெளிச்சம் தெரிந்தால் கையில் ஸ்டாப் வாட்சை எடுத்து எண்ணுவோம். ஐந்து என்றால் டோண்ட்ரா. வேறு எண் வந்தால் நாம் நினைத்த இடத்தில் நாம் இல்லை என்று அர்த்தம்.

அந்த விளக்கு கடல்மட்டத்துக்கு மேல் 47 மீட்டரில் இருக்கிறது. பூமி உருண்டை என்பதால் விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் ஒரு தூரத்துக்கு மேல் நேராகத் தெரியாது. கணக்கு எளிது: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 2.08ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கடல் மைல் என்று வரும். விளக்குக்கு 14 கடல் மைல் சொச்சம். கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜில் 25 மீட்டர் உயரத்தில் நிற்கிறேன் என்றால் எனக்கு 10 சொச்சம். இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 25 கடல் மைல். அந்தத் தூரத்தில்தான் விளக்கு முதன்முதலில் கடலிலிருந்து எழும்பும்.

ஆனால் அதற்கும் முன்பே அது தெரிய ஆரம்பித்துவிடும். விளக்கு தொடுவானத்துக்குக் கீழே இருக்கும்போதே அதன் சாயல் மேகத்தில் விசிறி போல வந்து வந்து போகும். கிழக்கிலிருந்து வரும்போது வங்காள விரிகுடாவில் நான்கைந்து நாள் ஒன்றுமே பார்க்காமல் வந்திருப்போம். மிட்நைட் வாட்சில் நிற்கிறவனுக்கு அந்த விசிறி தெரிந்ததும் நெஞ்சில் ஒன்று இறங்கும். நமக்கோ அது வீட்டுக்குப் பக்கத்து விளக்கு.

ஒரு பழைய பழக்கத்தையும் சொல்கிறேன். விளக்கு முதலில் தெரிந்ததும் முழங்காலை மடக்கிக் கொஞ்சம் தாழ்வோம். விளக்கு மறைந்துவிடும். எழுந்தால் மறுபடி தெரியும். அப்படி மறைந்து தெரிந்தால், அது சரியாகத் தொடுவானத்தின் விளிம்பில் இருக்கிறது என்று உறுதி. உடனே கணக்குப் போட்டுத் தூரத்தை வரைபடத்தில் குறித்துவிடலாம். என் முதல் கேப்டன் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது இந்த விளக்கை வைத்துத்தான்.

அம்மா, உங்கள் அப்பா கைவைத்த சுவரை நான் தொட்டதில்லை. அந்தப் படத்தை இங்கே போட முடிந்தால் போடுங்கள்.

நெய்தல்

ஐயா, ஜிபிஎஸ் வந்த பிறகும் இதெல்லாம் தேவைப்படுகிறதா?

கப்பற்காரன்

தேவைப்படுகிறது தம்பி. செங்கடல் பக்கமும் வளைகுடாப் பக்கமும் ஜிபிஎஸ்ஸைக் குழப்புகிறார்கள். கப்பல் பாலைவனத்தின் நடுவில் நிற்பதாகத் திரை காட்டும். அந்த நேரத்தில் ரேடாரும், கண்ணால் பார்க்கிற ஒரு கோபுரமும், ஒரு விளக்கும்தான் உண்மையைச் சொல்லும். எந்த ஒரு கருவியை மட்டும் நம்பியும் கப்பல் ஓட்டக் கூடாது என்பது முதல் பாடம்.

கட்டியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு இந்தப் பக்கம் நீராவிக் கப்பல்கள் குவிந்தன. தென்கிழக்கே கரையிலிருந்து விலகிக் கடலுக்குள் இரண்டு பாறைத் தொடர்கள் உண்டு, கிரேட் பாசஸ், லிட்டில் பாசஸ். சிங்களத்தில் ராவணனின் கோட்டைகள் என்பார்கள். பல கப்பல்கள் அங்கே உடைந்திருக்கின்றன. முதலில் அந்தப் பாறைகளின் மேலேயே, 1873இலும் 1878இலும், கருங்கல் கோபுரங்களை எழுப்பினார்கள். வடிவமைத்தவர் ஜேம்ஸ் டக்ளஸ், அங்கேயே இருந்து கட்டியவர் அவர் தம்பி வில்லியம். இங்கிலாந்தில் எடிஸ்டோன் பாறையில் 1882இல் எழுந்த கோபுரமும் ஜேம்ஸ் டக்ளஸுடையதுதான். டோண்ட்ராவும் அதே கைகளின் வேலை. கல்லைக்கூடப் பிரிட்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள்.

கல்லெழுத்து

சொன்னபடி கோயில் விஷயம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா சொன்னது சரி. வெளிச்சவீட்டிலிருந்து ஊருக்குள் இருபது நிமிடம் நடந்தால் இன்று விஷ்ணு தேவாலயம் இருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றி ஒரு காலத்தில் பெரிய கோயில் நகரமே இருந்தது. தமிழில் தென்னாவரம், தேனவரை என்றெல்லாம் பெயர். நகுலேஸ்வரம், திருக்கேதீஸ்வரம், முன்னேஸ்வரம், திருக்கோணேஸ்வரம் ஆகியவற்றோடு தொண்டேஸ்வரம் என்று ஐந்தாவதாகச் சைவர்கள் எண்ணுவது இந்த இடத்தைத்தான்.

1344இல் இப்னு பதூதா இங்கே வந்தார். அவர் ஊரைத் தீனவர் என்று எழுதுகிறார். வணிகர்கள் நிறைந்த பெரிய கடற்கரை நகரம். கோயிலில் ஆளுயரத்தில் பொன்னாலான திருவுருவம், கண்களில் இரண்டு பெரிய மாணிக்கங்கள், இரவில் அவை விளக்குப் போல ஒளிரும் என்று தம்மிடம் சொன்னார்கள் என்கிறார். பிராமணரும் யோகிகளுமாக ஆயிரம் பேர், ஆடிப்பாடும் பெண்கள் ஐந்நூறு பேர்.

அடுத்த சாட்சி சீனாவிலிருந்து வந்தது. மிங் பேரரசின் கடற்படைத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு கல்வெட்டைக் கொண்டுவந்தார். ஒரே கல்லில் மூன்று மொழி. சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை. பாரசீகத்தில் இஸ்லாமியருக்குரியது. தமிழில் தேனவரை நாயனாருக்கு. மூன்று தரப்புக்கும் காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றேதான்: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். சீனத்திலிருந்து வந்த ஒருவர் இந்தக் கடற்கரையில் பேச வேண்டுமானால் தமிழில் பேச வேண்டும் என்று நினைத்திருக்கிறார். 1911இல் காலியில் ஒரு வடிகாலுக்கு மூடுகல்லாகக் கிடந்ததை ஒரு பொறியாளர் கண்டெடுத்தார். இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் கொழும்பில்தானே இருக்கிறீர்கள், அப்பாவை அங்கே அவசியம் கூட்டிப்போங்கள்.

1588இல் எல்லாம் முடிந்தது. சீதாவாக்கை அரசன் முதலாம் ராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தான். அவன் படையைத் திசைதிருப்புவதற்காக, தோமே டி சோசா என்பவரின் தலைமையில் போர்த்துக்கீசர் கடல்வழியாகத் தெற்கே வந்து ஊர் ஊராக எரித்தார்கள். இந்தக் கோயிலைக் கொள்ளையடித்து, சிலைகளை உடைத்து, பெரிய தேரையும் கொளுத்தினார்கள். அழித்தவர்கள் பக்கத்துக் குறிப்புகளே கோயிலின் அழகைச் சொல்கின்றன: பிரதான வாசலுக்கு மேல் உயர்ந்த கோபுரம், அதன் கூரை செம்பு, பல இடங்களில் பொன் முலாம். கடலிலிருந்து பார்த்தால் ஒரு நகரம் போலத் தெரியும்.

இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். கப்பற்காரன் ஐயா எழுதியதைப் படித்தபோது இது நினைவுக்கு வந்தது. 1890க்கு முன்னால் இந்த முனையைச் சுற்றி வந்த கலங்களுக்கு அடையாளமாக எது இருந்திருக்கும்? வெயிலில் மின்னும் அந்தச் செம்புக் கூரைதான். டக்ளஸின் கோபுரம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது, அதுவும் முந்நூறு வருட இடைவெளிக்குப் பிறகு. வெளிச்சவீட்டை மட்டும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்த இருபது நிமிடம் நடங்கள். தேவாலயத்தைச் சுற்றிப் பழைய கருங்கல் தூண்கள் இன்னும் நிற்கின்றன. சற்று உள்ளே மேட்டில் 'கல்கே' என்ற சின்னக் கற்கோயில் இருக்கிறது, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதுகிறார்கள். 1998இல் இந்தப் பகுதியில் மண்ணுக்கடியிலிருந்து ஒரு சிவலிங்கமும் நந்தியும் வெளிவந்தன.

வேலணையான்

லிங்கமும் நந்தியும் கிடைத்த பிறகு சந்தேகம் எதற்கு? நாயனார் என்றால் சிவன்தான். விஷ்ணு கோயில் என்று சொல்வது பிற்காலக் கதை.

கல்லெழுத்து

உங்கள் உணர்வு எனக்கு விளங்குகிறது. ஆனால் கல்வெட்டு அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. நாயனார் என்பது தலைவன் என்ற மரியாதைச் சொல், அது ஒன்றை வைத்துச் சிவன் என்று முடிக்க முடியாது. சிங்கள மரபில் இங்கே இருந்தவர் உபுல்வன், நீல அல்லி நிறக் கடவுள், பின்னாளில் விஷ்ணுவோடு ஒன்றானவர். ஆய்வாளர்களும் ஒத்துப்போகவில்லை. பெரிய கோயில் நகரம் என்றால் பல சன்னிதிகள் இருந்திருக்கும். ஒரே தெய்வத்துக்குள் அடக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. தமிழ் வணிகனும் சிங்கள விவசாயியும் ஒரே வாசலில் நின்ற இடம் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

மாத்தறை வாசி

இப்போதும் அப்படித்தான். தேவாலயத்தில் தேங்காய் உடைக்க வருகிற மீன்பிடிக்காரரைப் பாருங்கள். கடலுக்குப் போகும் முன் வேண்டுதல் வைத்துவிட்டுத்தான் போவார்கள். அர்ச்சனைத் தட்டில் பழமும் பூவும் எங்கள் கோயிலில் வைக்கிற மாதிரியேதான்.

நெய்தல்

கோயிலும் கலங்கரையும் பற்றிப் பேசுவதால் ஒன்று. மாமல்லபுரத்தில் குன்றின் மேல் மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே ஒலக்கணேசுவரர் கோயில் இருக்கிறது. பல்லவர் கட்டியது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் அதன் உச்சியிலேயே விளக்கு வைத்துக் கலங்கரையாகப் பயன்படுத்தினார்கள். பிறகுதான் பக்கத்தில் இப்போதிருக்கும் வட்டக் கற்கோபுரத்தைக் கட்டினார்கள். அங்கே கோயிலே விளக்குத் தூணாக நின்றதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தக் கோபுரத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறவும் விடுகிறார்கள். உங்கள் அப்பா இந்தப் பக்கம் வந்தால் நான் கூட்டிப்போகிறேன் அக்கா, படிகளில் கைப்பிடித்து.

கடற்பறவை

முனைக்கு வெளியே உள்ள கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, மிகவும் ஒடுங்கியது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழ்கடல் ஆரம்பமாகிவிடும். அதனால் நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இரை தேடுகின்றன. மற்றக் கடல்களில் இருப்பவை போலத் துருவம் வரை போய் வருவதில்லை, வடக்கு இந்தியப் பெருங்கடலிலேயே வருடம் முழுவதும் இருப்பவை. கப்பற்காரன் ஐயா சொன்ன அந்தத் தடம் அவற்றின் இரைமேடு வழியாகவே போகிறது. கப்பல் மோதிச் செத்த திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன. ஒரு தடவை கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த கப்பலின் மூக்கிலேயே ஒன்று தொங்கிக்கொண்டு வந்தது. படம் பார்த்த நாளிலிருந்து அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

தடத்தை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் ஆபத்து பெருமளவு குறையும் என்று ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் கேட்டு வருகிறார்கள். 2022 நடுவிலிருந்து எம்எஸ்சி என்ற சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலக்கி ஓட்டுகிறது. எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும்.

கப்பற்காரன்

செய்யலாம். அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான சுற்று, எரிபொருளும் பெரிதாகக் கூடாது. நாங்கள் ஓடிய காலத்தில் இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இரவில் எதன் மேல் ஏறிப் போனோமோ என்று இப்போது யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. தடம் தெற்கே போனால் டோண்ட்ரா விளக்கு எங்களுக்குத் தொடுவான விளிம்பில் சின்னதாகத்தான் தெரியும். பரவாயில்லை.

பருத்தித்துறைக்காரி

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கப்பற்காரன் ஐயா முழங்காலை மடக்கி விளக்கை மறைத்ததை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

இந்தச் சனி, ஞாயிறு மறுபடி போய் வந்தோம். வெள்ளிக்கிழமை முதலில் அருங்காட்சியகம். கல் தேய்ந்துதான் இருக்கிறது. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தடவுகிற மாதிரி விரலைக் காற்றில் ஓட்டினார். சில எழுத்துகள் பிடிபட்டன. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார், அவர்களின் ஆசிரியை நின்று கேட்டார்.

அடுத்த நாள் மாத்தறையில் தங்கினோம். பின்னேரம் தேவாலயத்துக்குப் போய், அங்கிருந்து வெளிச்சவீட்டுக்கு நடந்தோம். அப்பாவின் நடைக்கு இருபது நிமிடம் நாற்பது நிமிடமானது. வழியில் ஒரு வேலியோரம் உடைந்த கருங்கல் தூண் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதில் ஒரு பூனை படுத்திருந்தது. அப்பா பூனையை எழுப்பாமல் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்தார்.

அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. அப்பாவோ ஏற வேண்டாம் என்கிறார், கீழேயிருந்து பார்க்கத்தான் வெளிச்சவீடு என்கிறார்.

ஆறரை மணிக்கு மேலே விளக்கு எரிந்தது. முதலில் வானம் வெளிச்சமாக இருந்ததால் சரியாகத் தெரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதிர் துலங்கி வந்தது. தூரத்தில் கப்பல் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஏழு எண்ணினேன். அப்பா கைக்கடிகாரத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு மெதுவாக எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார். ஐந்து. அங்கேயே பாறையில் இருந்தபடி பருத்தித்துறையில் இருக்கும் மாமிக்குப் போன் எடுக்கச் சொன்னார்.

"அக்கா, இஞ்ச ஐஞ்சு செக்கனுக்கு ஒருக்கா மின்னுது. நாங்கள் சின்னனா இருக்கேக்க எங்கட வெளிச்சவீடு எத்தினை செக்கனுக்கு மின்னினது, ஞாபகம் இருக்கோ?"

மாமிக்கு எண்பத்திரண்டு வயது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதை ஆரடா அப்ப எண்ணினது" என்றா.